கண்ணாடிச் சாமான்

அப்பிடியில்லப்பா, போனத் தலைகீழாப் புடிச்சிருக்கறே பாரு. ஒயரு கீழ வரோணும். ஆ, இப்பக் கேக்குதா? எனக்கு நல்லாக் கேக்குது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஏசி போட்டிருக்கறானா இல்லையான்னே தெரியல. உனக்கு அங்க எப்பிடி? பரவால்லியா. அப்பப் பொளைச்சே. எளைச்சாப்பல இருக்கறே அம்மையப்பா. தாடி வேற. நல்லாத்தான் இருக்குது, ஆனா மொகத்துல பாதிய முழுங்கிருச்சு.

ஆரஞ்சு வாங்கியாந்தேன் உனக்கு. வாசல்லயே மாஃபி, கூடாதுன்னுட்டான் போலீசுக்காரன். உள்ள ஒண்ணும் உடமாட்டானாம். திருப்பி வண்டிக்கே குடுத்தனுப்பிச்சுப்போட்டேன். ஆருகிட்டயா? வருவோம், அதுக்கும் வருவோம். எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேட்டீன்னா எப்பிடி. நேரம் கெடக்குது. அந்தப் போலீசுக்காரன் நல்ல மனுசனாட்டத்தான் தெரியறான்.

ஒரு வாரமா எட்டிப் பாக்கலைன்னு உனக்கு வருத்தம் இருக்கும். இல்லாம இருக்குமா. என்ற நெலம அப்பிடிப்பா. ஆபீசுல பாதிப் பேரு காலி. அல் கூஸ் குடோன்ல சித்த நேரம் நின்னா நம்ம காலடிச் சத்தம் நமக்கே கேக்குது. ஊரு பூரா கிரேன் எல்லாம் நின்ன எடத்துல நிக்குது. இப்பிடி ஒரு வருசம் வரும்னு ஆரு கண்டா. இதுல நான் ஷார்ஜா லாக்கப்புக்குத் தெனமும் வந்து போயிட்டு இருந்தேன்னு வெய்யி, ஆபீசுல என்ன பேசுவாங்க.

ஊருல உன்ற சம்சாரம் வடிவுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன், அதை நெனச்சு நீ கவலப்படாதே. கத்தாருக்கு அனுப்பிச்சிருக்கேன்மா, ராஸ் லஃபான்ல ஒரு சைட்டு, அங்கல்லாம் போன உள்ள உடமாட்டான், ரெண்டு மாசம் பேச முடியாதுன்னேன். நம்பிருச்சு. அங்க சாப்பாடெல்லாம் ஒத்துக்குமாங்க சார், அவுங்களுக்கு மொளகா ஒத்துக்காதேங்குது. ஒத்துக்கும்மா, நல்ல மெஸ்ஸுன்னேன். என்ன? ஜெயிலுன்னு சொல்லச் சொல்றியா? தாராபுரத்துல உக்காந்துட்டு அது என்ன பண்ணும் பாவம். நான் செஞ்சதுதான் செரி.

அட, தெரியுதப்பா. நீ எதுக்கு இந்த அவசரப்படறேன்னு தெரியாமயா வந்திருக்கேன். ஞாயித்துக்கெழம கேசு. நான் வந்து, பெட்டி எல்லாம் என்றது, இவன் வெறும் டிரைவரு, நான் அனுப்பிச்சுத்தான் போனான்னு ஒரு வார்த்த சொல்லோணும். அதானே? ஒரு வாரமா அதையே நெனச்சுட்டு உக்காந்திருப்பே. அதைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன். ஆனா மொதல்ல நீ பண்ணுன காரியத்த எனக்குச் சொல்லு.

டிக்கில எட்டுப் பெட்டி பீரை வெச்சுக்கிட்டு எவனாச்சும் அவனே போலீசுக்குப் போன் பண்ணுவானாப்பா? நான் இந்த ஊருக்கு வந்து பதினாலு வருசம். எத்தனையோ கேனயனப் பாத்திருக்கேன். உன்னய மாதிரி ஒருத்தனப் பாக்கல. அஜ்மான் பீச்சுச் சரக்குக் கடைல இருந்து கெளம்பற வண்டிய நோட்டம் உட்டுப் பின்னாலயே வந்து உரசறானுங்கன்னு ஊருக்கே தெரியும். துபாய் வர்ற வழில ஷார்ஜாவுக்குள்ள நொழைஞ்சதும் ஒரு இடி. எறங்குனா, டிக்கியத் தொற, இல்லீனா பைசா குடு, இல்லீனா போலீசுன்னு மெரட்டுவானுங்க. ஷார்ஜால சரக்கு கூடாதுன்னு அவனுங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கைல இருக்கறதக் குடுத்துப்போட்டு வந்திருக்கோணும். எல்லாரும் அப்பிடித்தான் வர்றான். நீ மட்டும் என்ன பண்ணுனே? நீங்க கூப்புட வேண்டாம், நானே கூப்புடறேன்னு போன எடுத்திருக்கறே. அந்தப் பசங்களே ஓடிப் போயிட்டானுங்களாமல்லோ. போலீசு வந்து பாத்தா நீ மட்டும் கதவுல உழுந்த கோட்டத் தடவிக்கிட்டு நிக்கறே. ஆபீசுல இதச் சொல்லிச் சிரிக்கலாம்னு பாத்தா ஆருகிட்டயும் சொல்லவும் முடியல.

நான் சொன்னேன்தான். இல்லைங்கல. ஒரு கோடு உழுந்தாலும் போலீசுப் பேப்பர் இல்லாம வண்டி ஊட்டுக்கு வரக்கூடாதுன்னு சொன்னது நாந்தான். பேப்பர் இல்லாம இந்த ஊருல எந்தக் கராஜுக்காரனும் கதவத் தொடமாட்டான், இன்சூரன்ஸும் தரமாட்டான். போன வருசம் தேரா பார்க்கிங்குல பம்பர நசுக்கி, பேப்பர் வாங்காம வந்து நின்னியே. அப்பச் சம்பளத்துல புடிச்சேன், அதுவும் உண்மைதான். அது பாடம்ப்பா. அந்தப் பாடத்த இந்த எடத்துலயா கொண்டாந்து வெப்பே? மூளைன்னு ஒண்ணு எதுக்குக் குடுத்திருக்குது. சொன்னதச் சொன்னபடி செய்யறதுக்கு ஒரு டிரைவரு எதுக்குங்கறேன்.

சரி உடு. ஆனதப் பேசி என்ன பண்ண. வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த எட்டுப் பெட்டில என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. பீருன்னு தெரியும். கள்ளும் பீரும் உனக்கு ஒண்ணு. அது கடைல வருசம் பூராக் கெடைக்கற பச்சைப் பாட்டில் சமாச்சாரம் இல்லப்பா. அங்க ஐரோப்பால சின்னச் சின்ன ஊர்ல, ஒரு குடும்பமா உக்காந்து, அறுப்பு முடிஞ்ச கையோட வருசத்துக்கு ஒருக்காக் காய்ச்சறது. கொஞ்சமாத்தான் காய்ச்சுவாங்க. தீந்தா அடுத்த வருசம் எல பழுத்து உழுகற மாசம் வரைக்கும் கெடையாது. இங்க வெய்யல் கொறையற நேரத்துக்கு அங்க அது பாட்டில்ல ஏறும். இந்த அக்டோபர்ல ஒரே ஒரு கண்டெய்னரு, அதும் அஜ்மான் கடைக்கு. நானு செப்டம்பர்ல இருந்து அந்தக் கடைக்காரன நச்சரிச்சு வெச்சிருந்தேன்.

உனக்குத்தான் மொத ரெண்டு தடவ என்ன ஏத்திட்டு வர்றேன்னே தெரியாதே. கண்ணாடிச் சாமான், ஒடஞ்சுரும், மெதுவா ஓட்டுன்னு சொன்னேன். தாள் சுத்துன பெட்டி, நீயும் சரிங்க சார்னு போயிட்டு வந்தே. மூணாவது தடவ ஒரு பாட்டில் ஒடஞ்சு நாத்தம் வரப்போயிக் கண்டுபுடிச்சே. மொகத்தப் பாக்கோணுமே அன்னைக்கு. சார், இது அதுங்களான்னே. அதேதான்னேன். அதுல இருந்து உன்ற கட்டல்ல கெடந்த போர்வையக் கொண்டாந்து பெட்டிக்கு மேல போத்திட்டு, குளுகுளுன்னு ஏசிய வெச்சுக்கிட்டு, ஒடம்பு பூரா நடுங்கிக்கிட்டு ஓட்டிட்டு வருவே. சூடு பட்டா ருசி போயிரும்னு நான் சொன்னேனாமா. அதெல்லாம் எனக்கு நெம்பப் புடிக்கும். சும்மா சொல்லல, குடிக்காதவன் கைல குடுத்தாத்தான் எண்ணிக்கை கொறையாம வரும்னு நான் என்ற ஊட்டுக்காரி ஷியாமளாகிட்டக்கூடச் சொல்லியிருக்கேன்.

அந்த வெள்ளிக்கெழம எனக்கு எப்பிடிப்பட்ட நாளுன்னு நெனச்சே நீ. ஜி.எம். ஊட்டுக்கு வர்றாரு. ஆறு மேனேஜர்ல ரெண்டு பேரத்தான் வெச்சுக்கப் போறாங்க, மிச்சப் பேரெல்லாம் மூட்டையக் கட்டோணும், லிஸ்டு அவரு கைல. பெல்ஜியம்காரரு. அவுங்களுக்கெல்லாம் பீருன்னா நமக்குச் சோறு மாதிரி. மத்த மேனேஜரெல்லாம் அவரக் கூப்புட்டு விஸ்கி ஊத்தறானுங்க, கோழி வறுத்து வெக்கறானுங்க. நாம அப்பிடிப் போகக் கூடாதுன்னு நானு ஒவ்வொரு அக்டோபர்லயும் இந்தப் பீரு டேஸ்டிங்க வெச்சுப் பழக்கி உட்டிருக்கேன். இந்த வருசம் அது வெளையாட்டில்ல, என்ற பொழப்பு.

அஞ்சு மணிக்கு அவரு வந்துட்டாரு. நீ வரல. நானு வாசலுக்கும் ஹாலுக்கும் நடக்கறேன். சரி, முந்தின வாரம் நீ சாம்பிளுக்குக் கொண்டாந்த ஒரு பெட்டி ஃப்ரிட்ஜுல இருந்துச்சே, அதுல அஞ்சாறு தினுசு, அதை வெச்சு ஓட்டிக்கலாம்னு ஆரம்பிச்சேன். கிளாஸக் கழுவறதுல இருந்து கவனிக்கோணும்ப்பா. சோப்புப் போட்டீன்னா நொரை நிக்காது. வெறும் சுடுதண்ணி. ஃப்ரிட்ஜுல இருந்து அப்பிடியே ஊத்தக் கூடாது, சித்த வெளிய வெச்சு, சில்லு விட்டதுக்கு அப்பறம் ரெண்டு வெரலு. வெளுப்புல ஆரம்பிச்சுக் கருப்புக்குப் போகோணும். நடுவுல உப்பில்லாத பிஸ்கோத்து. ஷியாமளா மிக்சர் கொண்டாந்து வெச்சா, எடுத்துட்டுப் போன்னு கண்ணக் காட்டுனேன்.

மொதல்லது கோதும பீரு. கலங்கலா இருக்கும், மோந்தா வாழப்பழமும் கெராம்பும். ஜி.எம். ம்னு ஒரு தல ஆட்டுனாரு, அவ்வளவுதான். ரெண்டாவது அமெரிக்காக்காரன் பூசணிக்காய்ல காய்ச்சுனது. நெசமாத்தான். பூசணிக்காய்ப் பொரியல்ல பட்டையத் தூக்கிப் போட்டாப்பல இருந்துச்சு. ஜி.எம். எந்திரிச்சுப் போயி சிங்க்குல துப்பிட்டு வந்தாரு. எனக்கு உசுரே போச்சு. மூணாவது ஜெர்மன்காரன்து, செம்புக் கலரு, பிரெட்டு ஓரம் கருகுன வாசம். அதுக்கு மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சுது. அப்பத்தான் நீ மொதத் தடவ அடிக்கறே. போன் மேசை மேல கெடந்து நடுங்குது. நான் எடுக்கல. பெட்டியோட வாசல்ல நிக்கறேன், கதவத் தொறங்கன்னு அடிக்கறேன்னு நெனச்சேன். சன்னல் வழியாப் பாத்தேன், வண்டியக் காணோம்.

ரெண்டாவது தடவ நீ அடிக்கும்போது அவரு உன்னயப் பத்தித்தான் கேட்டுட்டிருந்தாரு. போன வருசம் டேஸ்ட்டு பண்ணுனானே அந்த டிரைவரு, அவன் எங்கேன்னாரு. ஞாபகம் இருக்குதா? போன வருசம் உன்னயக் கூப்புட்டு நிக்க வெச்சு ஒரு வாய் குடிக்கச் சொன்னமே. அவரு ஆசப்பட்டாரு, எதையும் குடிச்சே பழகாத நாக்கு என்ன சொல்லுதுன்னு பாக்கோணும்னாரு. நீ முழுங்காம வாய்லயே வெச்சுக்கிட்டு, தலைய ஆட்டிக்கிட்டு வெளிய போனே. கராஜுக்குப் பின்னால போயித் துப்பிட்டுக் கொழாத்தண்ணில மூணு நாலு தடவ வாய் கொப்புளிச்சதச் சமையக்கட்டு சன்னல்ல நின்னு நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். ஒண்ணும் கேக்கலியே நானு. சில சார்மாரு கேப்பாங்க. இன்னைக்கு அவனுக்கு லீவுன்னு ஜி.எம்.கிட்டச் சொன்னேன்.

அப்பறம் அந்தக் கடைசிப் பாட்டில். அதைச் சொல்லியே ஆகோணும் உனக்கு, நீதான கொண்டாந்தே. கருப்பா இருக்கும், வெளிச்சத்துக்குப் புடிச்சா ஓரத்துல செவப்பு. பேரீச்சம்பழமும் கருப்பட்டியும் சேத்துக் காச்சுனாப்பல ஒரு வாசம். மொத வாய் இனிப்பு, தொண்டைல போகும்போது ஒரு கசப்பு, அந்தக் கசப்பு போகவே போகாது. ஜி.எம். கிளாஸ மூக்குக்கிட்ட வெச்சுக் கண்ண மூடிக்கிட்டாரு. பாத்தா கண்ணுல தண்ணி. அவுங்கம்மா பொறந்த ஊருக்குப் பக்கத்து ஊர்ல காய்ச்சறதாமா. சின்ன வயசுல அறுப்புக் காலத்துல அவுங்க தாத்தன் ஊத்திக் குடுப்பாராமா. அந்த நேரம் பாத்து நீ மூணாவது தடவ அடிக்கறே. அவரு அழுதுட்டு இருக்கறாருப்பா, நான் போன எடுக்க முடியுமா? அமுத்தி சோபாவுக்கு அடில போட்டுட்டேன்.

தெரியும், ஸ்டேசன்ல இருந்து அந்த மூணாவது போன் ஒண்ணுதான் பண்ண உன்னய உட்டாங்கன்னு இப்பத் தெரியுது. அப்ப எனக்கு எப்பிடித் தெரியும்.

கண்ணத் தொடச்சுக்கிட்டு அவரு என்ற கையப் புடிச்சுக்கிட்டாரு. விஜய், அடுத்த வெள்ளிக்கெழம ஹெட் ஆபீசுல இருந்து மூணு பேரு வர்றாங்க, அவுங்களுக்கு இதை நான் குடுத்தாகோணும், நீதான் ஏற்பாடு பண்ணோணும்னாரு. லிஸ்டப் பத்திக் கவலப்படாதேன்னாரு. சொன்னாருப்பா, அப்பிடியே சொன்னாரு. அதுக்கப்பறம் சித்த நேரத்துல ஸ்டேசன்ல இருந்து ஊட்டு நம்பருக்குப் போனு. இந்த நம்பர் வண்டி உன்னுதான்னு கேட்டான். ஆமான்னேன். பெட்டி ஆருதுன்னான். அவரு எதுத்தாப்புல உக்காந்து கிளாஸு அடில இருக்கற நொரையப் பாத்துக்கிட்டு இருக்கறாரு. நான் என்ன சொல்லுவேன்? வெள்ளிக்கெழம வண்டி டிரைவருகிட்டத்தான் இருக்கும், அவன் எங்க போறான், என்ன ஏத்தறான்னு எனக்குத் தெரியாதுங்கன்னு சொல்லிப்போட்டேன்.

இரு. இரு. மொதல்ல சத்தம் போடாதே. அவன் இங்கயே பாக்கறான் பாரு. உக்காரு.

யோசிச்சுப் பாரு. நான் என்றதுதான்னு சொல்லியிருந்தா என்ன ஆகும்? துபாய்ல சரக்கு வாங்க என்கிட்ட லைசென்சு இருக்குது, அது இங்க செல்லாது. மேனேஜர் பேரு கேசுல வந்தா அடுத்த ஃப்ளைட்டு. நான் போனா நீயும் போகோணும். என்ற ஊடு, புள்ளைங்க ஸ்கூலு எல்லாம் போகும். நீ உன்றதுன்னு சொன்னா என்ன? ரெண்டு மாசமோ மூணு மாசமோ உள்ள இருப்பே, அப்பறம் டிக்கெட்டுப் போட்டு ஊருக்கு அனுப்பிருவான். உனக்கு எப்பிடியும் ஊருக்குப் போகோணும்னுதான இருந்துச்சு. குடிக்கறவன் இல்லைன்னு பாத்தாலே தெரியும், விக்கறதுக்கு வெச்சிருந்தேன்னு சொல்லீரு. எனக்குத் தெரியாம வித்துட்டிருந்தேன்னு சொன்னீன்னா கேசு அதோட முடிஞ்சுது, கலாஸ். வேற எதையும் கௌற மாட்டாங்க.

தியாகுவா? தியாகு போகலப்பா. அதுக்கு வரேன்னுதான சொன்னேன். உன்ற தம்பிய நான் உட்டுருவேனா? அவன் கம்பெனிய மூடி, பஸ்ஸு ஓட்டிட்டிருந்தவன் நடுத்தெருவுல நின்னு, விசாவ வேற கேன்சல் பண்ணி, ஒரு மாசத்துக்குள்ள நாட்ட உட்டுப் போன்னுட்டானல்லோ. நீ மூணு வாரமா கதவத் தொறக்கும்போதெல்லாம் கேட்டே. சார், தம்பிய எங்கயாச்சும் சேத்துங்க சார், லைசென்சு இருக்குது, நல்லா ஓட்டுவான் சார், புதுசாக் கல்யாணம் ஆனவன் சார். பாக்கலாம் பாக்கலாம்னுட்டு இருந்தேன். எனக்குத்தான் ஒரு டிரைவரு இருக்கறானே, ரெண்டு பேர எங்க வெக்கறதுன்னு இருந்துச்சு. இப்பத்தான் எடம் காலியாயிருச்சு.

சேத்துட்டேன்ப்பா. சிரி கொஞ்சம். நீ கேட்டது நடந்துருச்சல்லோ. மூணு நாளா அவன்தான் ஓட்டறான். ஷியாமளா வண்டிய. என்ற வண்டி இன்னும் உங்க போலீசுலதான் கெடக்குது. உன்னயக் காட்டியும் பதனமா ஓட்டறான், சொன்னாத் தப்பா நெனைக்காதே. பிரேக்கப் போட்டா தெரியவே மாட்டேங்குது. மெடிக்கல் எல்லாம் முடிஞ்சுது. விசா ஸ்டாம்பிங் திங்கக்கெழம. என்ற கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. உனக்கு ஞாயித்துக்கெழம, அவனுக்குத் திங்கக்கெழம. நீ ஞாயித்துக்கெழம நல்லபடியாப் பேசுனீன்னா நான் திங்கக்கெழம நிம்மதியாக் கையெழுத்துப் போடுவேன். புரியுதல்லோ. நீ புரிஞ்சுக்கறவன்.

வெளியதான் இருக்கறான். வண்டில. அவன்கிட்டத்தான் ஆரஞ்சத் திருப்பிக் குடுத்தனுப்பிச்சேன்.

உள்ள வாடான்னு கூப்புட்டேன்ப்பா, நான் கூப்புடாம இல்ல. வரமாட்டேன்னுட்டான். உன்ற மொகத்துல முழிக்கமாட்டேங்கறான். எதுக்கா? நான்தான் சொன்னேன், சொல்லாம எப்பிடி அவன வேலைக்கு வெப்பேன்? உங்கண்ணன் எனக்குத் தெரியாம சரக்குக் கடத்தி வித்துட்டு இருந்திருக்கறான், இருந்தாலும் அவன் மொகத்துக்கோசரம் உன்னயச் சேத்துக்கறேன், நீயாச்சும் ஒழுங்கா இருன்னேன். மொதல்ல நம்பல. எங்கண்ணன் அப்பிடி இல்லீங்க சார், மோந்துகூடப் பாக்கமாட்டாங்க சார்னான். ஒரு நாள் பூராச் சாப்புடல. அப்பறம் என்ன நெனச்சானோ, குடிக்காதவன்தான் சார் விக்கறதுக்குத் தோதுன்னு அவனே சொன்னான். நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அவனா யோசிச்சான். கெட்டிக்காரப் பையன்.

என்னப்பா இது. கண்ணாடியத் தட்டாதே. அழுதீன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். போன நல்லாக் காதுல வெய்யி, கடைசியா ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், அந்தப் போலீசுக்காரன் மணியப் பாக்க ஆரம்பிச்சுட்டான்.

நாளைக்கு ஹெட் ஆபீசுக்காரங்க வர்றாங்க. அந்தக் கருப்பு பீரு இன்னும் ரெண்டு பெட்டி அஜ்மான்ல இருக்குதுன்னு கடைக்காரன் சொன்னான். பின்னால குடோன்ல தாள் சுத்தி எடுத்து வெச்சிருக்கறான். சாயங்காலம் என்னய ஊட்டுல எறக்கி உட்டுட்டுத் தியாகு போறான். கண்ணாடிச் சாமான்னுதான் சொல்லியிருக்கேன். வேற என்ன சொல்ல முடியும், பீருன்னு சொன்னா உன்னயப் பத்தி நான் சொன்னது பொய்யின்னு அவனுக்குத் தெரிஞ்சுருமல்லோ. புதுசா ஒரு போர்வ வாங்கிக் குடுத்திருக்கேன். எதுக்குங்க சார் போர்வைன்னான். ஒடஞ்சுரும், மேல போத்திக்கோன்னேன். மடிச்சு டிக்கில வெச்சிருக்கறான்.

என்ன? மெதுவாச் சொல்லு, ஒண்ணும் வெளங்கல. அவன்கிட்ட என்ன சொல்லோணும்? உரசுனா நிக்காம வரச் சொல்றதா? போலீசுக்குப் போன் பண்ணாதேன்னா?

அதை எப்பிடிப்பா நான் சொல்றது. ஏன் எதுக்குன்னு கேப்பானல்லோ. அதுவுமில்லாம மொத நாளே அவன்கிட்டக் கண்டிசனாச் சொல்லி வெச்சிருக்கேன், ஒரு கோடு உழுந்தாலும் பேப்பர் இல்லாம வண்டி ஊட்டுக்கு வரக்கூடாதுன்னு. புது வண்டி, ஷியாமளா பேருல இருக்குது. சரி, வரட்டுமா.